வாசகர் கேள்வி: சாம்பிராணிப் புகைக்கு மெஷின்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். 30 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம். வெள்ளிக்கிழமை ஆனால் சாம்பிராணிப் புகையில் கண் எரிகிறது. சிலிங்கில் மாட்டும் காற்றுச் சுத்திகரிப்பு மெஷின் போடலாமா?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போடலாம், சகோதரி. உங்கள் கடை 6,000 கன அடி. மணிக்கு 6 தடவை காற்று மெஷினுக்குள் போய்வர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கிற மெஷினாகப் பாருங்கள்.

மாட்டும்போதுதான் கவனம் தேவை. சிலிங் பலகையைத் தாங்கும் மெல்லிய சட்டத்தில் உட்கார வைத்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள், விடாதீர்கள்; பாரமான சாமான், மேலே இருக்கும் கான்கிரீட்டிலோ இரும்பு உத்திரத்திலோ கம்பி இறக்கித்தான் தொங்கவிட வேண்டும். வயரிங்கை உரிமம் உள்ள வயர்மேன் செய்யட்டும். ஏர்கோன் காற்று நேராக வந்து மோதும் இடமும் வேண்டாம்.

அப்புறம் பராமரிப்பு. மின்னூட்டத்தால் தூசி பிடிக்கிற வகை என்றால் உள்ளே இருக்கும் தகடுகளைக் கழுவலாம். உங்கள் கடைப் புகைக்கு மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள், பிசுபிசுப்பு சீக்கிரம் ஏறும். மெஷினை அணைத்து, சில நிமிடம் பொறுத்துக் கழற்றுங்கள். ஈரத்தோடு மாட்டினால் படபடவென்று பொறி பறக்கும், அதனால் நன்றாகக் காய வேண்டும். வாசம் பிடிக்கும் கரி வடிகட்டியைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போதே அதன் விலையையும் கேட்டு வையுங்கள்.

ஒன்று, சாம்பிராணி போடும் கரி எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை இந்த மெஷின் எடுக்காது. கதவைத் திறந்து வைப்பதை நிறுத்திவிடாதீர்கள்.