ரெண்டு நாள் குளத்துத் தண்ணி விட்டும் கிணறு நெறயல, மூடிறவா? – பதில்

மூடாதீக அண்ணாச்சி, கிணறு கெட்டுப்போவல. ரெண்டு நாளா குளத்துத் தண்ணி விட்டும் ஒரு அடிகூட ஏறலன்னு எழுதியிருக்கீகள்லா, அடியில சுண்ணாம்புப் பாறை இருந்தா அப்படித்தான், மழத்தண்ணி மண்ணுல உள்ள கார்பன் டை ஆக்சைட சேத்துக்கிட்டு லேசான அமிலமா எறங்கி பாறைய காலங்காலமா கரச்சு குகையும் ஓடையுமா ஆக்கிரும். நம்ம திசையன்விளை பக்கம் ஆயன்குளம் கிணறு 2021 வெள்ளத்துல வாரக்கணக்கா குடிச்சும் நெறயலல்லா, சென்னை ஐஐடிக்காரங்க ஆராஞ்சு அடியில சுண்ணாம்புக் குகைன்னுதான் சொன்னாங்க.

கிணறு வெட்டுன கல்லு கரையில கெடந்தா ஒண்ண ஒடச்சு, புது மொகத்துல வினிகர் விட்டுப் பாருங்க. நொரச்சா சுண்ணாம்பு.

சாக்கடை கலந்த தண்ணிய மட்டும் விட்டுறாதீக, குகை மணல் மாதிரி வடிகட்டாது, அப்படியே அடுத்த கிணத்துக்குப் போயிரும், அத குடிக்கிற சனம் இருக்கு. உள்ள எறங்கிப் பாக்கவும் வேண்டாம்.