வாசலில் கிடைக்கும் இரண்டு நிமிடம்

அன்புள்ள அக்கா,

நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளோடு எனக்கு ஒரு சிரமமும் இல்லை, பெற்றோரோடுதான். காலையில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள், மாலையில் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். போன வாரம் ஒரு பையன் இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டான். அவன் அம்மாவிடம் சொன்னேன். "நீங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று என் மேலேயே பாய்ந்தார். இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவர்களோடு எப்படித்தான் நல்லுறவு வைத்துக்கொள்வது?

ர.

அன்புள்ள ர.,

கடித்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் கடைசியாக என்ன பேசினீர்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. காப்பகத்தில் அவர் கேட்ட முதல் நீளமான பேச்சே மகனைப் பற்றிய புகார்தான் என்றால், அவர் பாய்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பலருக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் கை பட்டால் வலிக்கத்தான் செய்யும்.

அதனால் உறவைப் புகாருக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். அதற்குத் தனியாகக் கூட்டம் எதுவும் வேண்டாம், மாலையில் வாசலில் கிடைக்கும் இரண்டு நிமிடம் போதும். அந்த நேரத்தை 'சாப்பிட்டான், தூங்கினான்' என்று சொல்லி வீணாக்காதீர்கள். அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். "ஜன்னலில் மழைத்துளி வழிந்ததை இன்று விரலாலேயே துரத்திக்கொண்டிருந்தான், கூப்பிட்டாலும் திரும்பவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவனைக் கவனித்துப் பார்த்தவர்தான் இதைச் சொல்ல முடியும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியும்.

சரி, கடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை பிள்ளைகள் கடிப்பது சாதாரணம். கோபம் வந்துவிடுகிறது, அதைச் சொல்ல வார்த்தை இன்னும் வரவில்லை. பெற்றோர் பலருக்கு இது தெரியாது, தங்கள் வளர்ப்பில்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். மற்றப் பெற்றோர் நிற்கும் வாசலில் இதைச் சொல்லக் கூடாது, பையன் காதுபடவும் கூடாது. தனியாக அழைத்து, "பொம்மை லாரிக்கு இழுபறி நடந்தது, கேட்கத் தெரியாமல் கடித்துவிட்டான். இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிட்டோம். வீட்டில் கோபம் வந்தால் அவனை எப்படி ஆற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அவனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் வேண்டும் என்று அவரிடமே சொல்கிறீர்கள் அல்லவா? கடிபட்ட பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லவே வேண்டாம். அந்த வீட்டாருக்கோ, தழும்பைப் பார்ப்பதற்கு முன்பே தகவல் போயிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவைப் பார்த்ததும் சில பிள்ளைகள் 'ஓ'வென்று அழும், சிலது உங்கள் தோளை விட்டு இறங்காது. அப்போது அந்த அம்மாவின் முகத்தைக் கவனித்திருப்பீர்கள். பகல் முழுக்க அடக்கி வைத்ததை நம்பிக்கையான ஆளிடம்தான் பிள்ளை கொட்டும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை முதன்முதலாக நடக்கத் தொடங்குவதும் இப்படி மனதைத் தொடும் விஷயம்தான், அது காப்பகத்தில் நடந்துவிட்டால் சொல்வதா வேண்டாமா என்று எல்லோரும் குழம்புகிறார்கள். என் அபிப்பிராயம், சேர்க்கும் அன்றே பெற்றோரிடம் கேட்டுவிடுவது. சிலர் உடனே தெரிய வேண்டும் என்பார்கள், சிலர் வீட்டில் தாங்களே முதலில் பார்க்க ஆசைப்படுவார்கள்.

ஜெர்மனியில் 'பெர்லின் முறை' என்று ஒன்று உண்டு. முதல் 3 நாளும் தாயோ தகப்பனோ பிள்ளையோடு காப்பகத்திலேயே இருப்பார். பிரித்துப் பார்ப்பது 4-ஆம் நாள்தான், அதுவும் அரை மணிக்கு மேல் இல்லை. பிள்ளை பழகுவதற்காக வந்த முறைதான், ஆனால் பெற்றோருக்கும் இது பெரிய உதவி. நீங்கள் பிள்ளையை எப்படித் தூக்குகிறீர்கள், அழுதால் என்ன செய்கிறீர்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டவருக்குப் பிறகு சந்தேகம் குறையும். இங்கிலாந்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னார்தான் பொறுப்பு என்று ஒருவரைக் குறித்துக் கொடுப்பது சட்டப்படியே கட்டாயம். யாரிடம் பேசுவது என்று பெற்றோர் தடுமாற வேண்டியதில்லை. இவை இரண்டையும் உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம், மாலை நேரத்துக்குக் கூடுதலாக ஒரு ஆளையும் கேளுங்கள். கையில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரிடமும் நின்று பேச முடியாது.

இவ்வளவு செய்தும் சிலர் ஒட்ட மாட்டார்கள். அவர்களுக்கும் அன்றாடம் ஒரு வரி சொல்வதை விட்டுவிடாதீர்கள்.

அந்த அம்மாவிடம் இந்த வாரம் கடித்த பேச்சையே எடுக்க வேண்டாம். தினமும் அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லுங்கள். அடுத்த வாரம் ஒரு நாள், "அன்று நான் சொன்னது உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்று தொடங்கி, வீட்டில் அவனை எப்படி ஆற்றுவார் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா