புகை கக்கும் பழைய கார்: இன்ஜினைப் பிரிக்கும் முன் நோட்டீஸ்

கேள்வி: சொந்த உபயோகத்துக்காக, போன மாதம் கோவையில் ஒரு யூஸ்டு கார் டீலரிடம் 2012 மாடல் டீசல் கார் ஒன்றை 2.85 லட்சத்துக்கு வாங்கினேன். “இன்ஜினில் கை வைத்ததே இல்லை, ஒரு சொட்டு ஆயில் குடிக்காது” என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தார். திண்டுக்கல் வந்த ஒரே வாரத்தில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. இங்குள்ள பட்டறையில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது என்று 34,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றினார்கள். புகை நிற்கவில்லை. இப்போது இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். டீலரோ, “இருக்கிற நிலையில் வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், புகைச் சான்றும் செல்லுபடியில் இருக்கிறது” என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில், இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் பெரிய சாட்சி அந்த இன்ஜின்தான். பிரித்து பிஸ்டன் ரிங்கை (ஆயில் மேலே ஏறாமலும் எரிந்த வாயு கீழே இறங்காமலும் அடைக்கும் வளையம்) மாற்றிவிட்டால் வண்டி ஓடும், வழக்கு ஓடாது. “பட்டறைக்காரன் கெடுத்துவிட்டான்” என்று டீலர் சொன்னால் மறுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

புகையின் நிறம் உங்களுக்கு உதவும். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், இ.ஜி.ஆர். வால்வு (எரிந்த வாயுவில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) என்று பார்க்க வேண்டும். பராமரிப்புக் கோளாறு என்று டீலர் எளிதில் தட்டிக்கழித்துவிடுவார். விடாத வெண்புகை, கூலன்ட் உள்ளே போவதையோ டீசல் சரியாக எரியாததையோ காட்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் போனாலும் நீலம், பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் நீலம். ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி, ஆயிலை பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) வழியாக டர்போவுக்கே தள்ளும். ஹோஸைக் கழற்றிப் பார்ப்பவருக்கு டர்போ ஆயில் கக்குவது போலத்தான் தெரியும். உங்கள் பட்டறையும் இதில்தான் ஏமாந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே வேறொரு நல்ல பட்டறையில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்று அளக்கும் சோதனை) எடுங்கள். குளோ பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றி கேஜ் வைத்துப் பார்ப்பது. இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் தேதி, ஓடோமீட்டர் அளவு, கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா என்று வீடியோ எடுங்கள். இதற்கு மேல் ஓட்ட வேண்டாம். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எகிறும் அபாயம் உண்டு. கிலோமீட்டர் ஏறினால் டீலருக்கும் சாக்கு கிடைக்கும்.

இனி சட்டம். 2012 மாடல் பழைய கார் தேய்ந்திருப்பது மட்டுமே குறைபாடு ஆகாது. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10) பிரிவு, விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லி விற்ற தரம் பொருளில் இல்லாவிட்டாலும் அதைக் குறைபாடு என்கிறது. உங்கள் வழக்கே அந்த வாய்ஸ் மெசேஜில்தான் நிற்கிறது. அதை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றையும் சேர்த்துவிடுங்கள்.

“இருக்கிற நிலையில்” என்ற கையெழுத்து, கண்ணால் பார்த்தாலே தெரியும் டயர், கீறல் போன்றவற்றில் உங்களைக் கட்டும். பொய் சொல்லி விற்றதற்கு அது கவசமாகாது. புகைச் சான்றும் அப்படித்தான். லோடு இல்லாமல் நின்ற இடத்தில் ரேஸ் செய்து, புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கும் சோதனை அது, பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி) டீசலுக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தியின் அலகு), அதற்கு முந்தையதற்கு 65 வரை விடும். ரிங் நன்றாக இருக்கிறது என்று அது சொல்வதில்லை. (2012இல் சென்னையில் பி.எஸ். 4, கோவையில் பி.எஸ். 3 நடப்பில் இருந்தது. உங்கள் வண்டி எது என்று ஆர்.சி.யில் பாருங்கள்.)

டீலருக்கு டெலிவரிச் சான்றோடு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, வண்டியை வந்து பார்க்க 15 நாள் கொடுங்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே தாக்கல் செய்யலாம், கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 வருடம். சோதனை தேவை என்று நுகர்வோர் சட்டத்தின் 38ஆம் பிரிவில் மனுப் போட்டால் நிபுணரிடம் அறிக்கை வாங்க ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். சோதனை உள்ள புகார்களை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள். அதற்கு முன் 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதிந்து பாருங்கள், சில டீலர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள்.

முழுப் பணமும் திரும்பும் என்று ஆசை காட்ட மாட்டேன். பணம் திருப்பித் தரவேண்டும், இல்லையேல் இன்ஜின் வேலைக்கான செலவும் நஷ்ட ஈடும் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவதுதான் கிடைக்க வாய்ப்பு அதிகம். இதையே தனிநபரிடம் வாங்கியிருந்தால் ஆணையம் உதவாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

பட்டறை மீது தனிப் புகாராகப் போடுங்கள், இரண்டையும் கலந்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டே காலம் ஓடும். தவறாகக் கணித்தது மட்டுமே சேவைக் குறைபாடு ஆகிவிடாது. கம்ப்ரஷன்கூடப் பார்க்காமல் 34,000 ரூபாய் சாமானை மாற்றியது ஆகும். ஜாப் கார்டும் பில்லும் கேளுங்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

வண்டியை ரோட்டில் எடுத்தால் இன்னொரு தொல்லை. சான்று செல்லுபடியில் இருந்தாலும், சந்தேகம் வந்தால் எஸ்.ஐ. அல்லது மோட்டார் வாகன ஆய்வாளர் மறுசோதனைக்கு அனுப்பலாம். மத்திய மோட்டார் வாகன விதி 116 அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்று யாராவது பயமுறுத்தினால், அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு.

வண்டி இன்னும் முதல் பட்டறையில் நின்றால், டோ செய்து எடுத்துவிடுங்கள். செய்த வேலைக்குப் பாக்கி இருந்தால் மட்டுமே ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவுப்படி அவர்கள் பிடித்துவைக்க முடியும். வரும்போது ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கழற்றிய பழைய டர்போவையும் கேட்டு வாங்கி வாருங்கள்.