மூக்குக்கண்ணாடியோடு விஆர் காக்பிட்: வாசகர் கேள்வி – பதில்

விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே விமானம் ஓட்டிப் பழகுவது பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: “நான் கண்ணாடி போடுகிறவன். எனக்கு இது சரிப்படுமா?” இந்த மாதம் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எனக்கு இரண்டு கண்ணிலும் -3.50 பவர். குவெஸ்ட் 3 ஹெட்செட் வாங்கியிருக்கிறேன். திரை கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால் கிட்டப்பார்வை உள்ளவனுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்கிறான் நண்பன். ஆனால் கழற்றினால் ரன்வே மங்குகிறதே, ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: திரை கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் கண் அந்தத் திரையை நேராகப் பார்ப்பதில்லை. நடுவில் உள்ள லென்ஸ் பிம்பத்தைத் தள்ளிவைத்துக் காட்டுகிறது. பெரும்பாலான ஹெட்செட்டுகளில் அந்தப் பிம்பம் 1.3 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குள் நிற்கும். கையெட்டும் தூரத்தில் உயரம் காட்டும் அல்டிமீட்டரும், பத்து மைல் தள்ளித் தெரியும் மலையும் உங்கள் கண்ணுக்கு அந்த ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கணக்கு எளிது. ஒன்றைத் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால் பவர் கிடைக்கும். 1.3 மீட்டருக்கு அது சுமார் 0.75. ஆகவே -0.75 வரை பவர் உள்ளவர்கள் ஹெட்செட்டுக்குள் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். -1.00 உள்ளவருக்கும் லேசான மங்கல்தான். உங்களுக்கு -3.50 என்பதால், கண்ணாடி இல்லாமல் 28 செ.மீ. வரைதான் தெளிவு. 1.3 மீட்டரில் நிற்கும் பிம்பத்துக்கு இன்னும் -2.75 குறைகிறது. ரன்வே மட்டுமல்ல, காக்பிட்டுக்குள் எல்லாமே அதே அளவு மங்கியிருக்கும். ரன்வேயின் எண்கள் சிறியவை என்பதால் அங்கே முதலில் தெரிந்திருக்கிறது.

இதில் ஒரு வசதியும் உண்டு. சில வருடங்களுக்கு முன் போட்ட, பவர் குறைந்த பழைய கண்ணாடி அலமாரியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். -2.75 அல்லது -3.00 இருந்தால் விஆருக்கு அதுவே தாராளமாகப் போதும். ஃபிரேமும் சிறியதாக இருந்துவிட்டால் வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: வயது 54. புரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் பவர் மாறிக்கொண்டே வருவது) போடுகிறேன். ஜன்னல் வழியே வெளியே பார்த்தால் தெளிவு. குனிந்து பேனலைப் பார்த்தால் எல்லாம் கலங்கல். படிக்கிற கண்ணாடி போட்டால் இரண்டுமே கலங்கல்!
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வெள்ளெழுத்து வந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இடறுகிறார்கள். நிஜ விமானத்தில் பேனல் 60, 70 செ.மீ. தூரத்தில் இருப்பதால் லென்ஸின் கீழ்ப்பகுதி உதவும். விஆரில் பேனலும் 1.3 மீட்டரில்தான். நீங்கள் கண்ணைத் தாழ்த்தியதும் பார்வை படிக்கும் பகுதி வழியே போகிறது. அந்தப் பகுதிக்கு ஏற்ற தூரம் அரை மீட்டருக்கும் குறைவு. அங்கே பிம்பமே இல்லை.

உங்களுக்குத் தேவை தூரப்பார்வைக்கான ஒற்றைப் பவர் லென்ஸ். கண்ணாடிக் கடையில் ‘சிங்கிள் விஷன், டிஸ்டன்ஸ்’ என்று கேளுங்கள். தூரப் பவரோடு +0.50 கூட்டிப் போட்டால் ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு இன்னும் இதம். உதாரணமாக, கண் பரிசோதனைச் சீட்டில் தூரத்துக்கு -2.00, ஆட் (படிப்பதற்காகக் கூட்டும் பவர்) +2.00 என்றிருந்தால், விஆருக்கு -1.50. இதைச் சீட்டு எழுதிக் கொடுத்தவரிடமே “ஒன்றரை மீட்டர் தூரத்தில் உள்ள திரைக்கு” என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். பைஃபோகலுக்கும் இதே பதில்தான். புதுக் கண்ணாடி வரும்வரை, பேனலைப் பார்க்கும்போது கண்ணைத் தாழ்த்தாமல் தலையையே குனிந்து, லென்ஸின் மேல்பகுதி வழியே பாருங்கள். கழுத்து வலிக்கும், எனவே தற்காலிகத்துக்கு மட்டும்.

கேள்வி: கண்ணாடி ஹெட்செட் லென்ஸில் கீறல் போட்டுவிடும் என்று பயம். எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது?
– வாசகி, மதுரை

பதில்: பயப்படுவது நியாயம். ஹெட்செட் லென்ஸ் பிளாஸ்டிக். ஒரு முறை நடுவில் கீறல் விழுந்தால் வெயில் பக்கம் விமானத்தைத் திருப்பும்போதெல்லாம் அது தெரியும். துடைத்துப் போக்க வழியில்லை.

முதலில் ஃபிரேம் உள்ளே நுழையுமா என்று பாருங்கள். குவெஸ்ட் வகைகளுக்கு, கண்ணாடியின் அகலம் 142 மி.மீ.க்குள்ளும் உயரம் 50 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். காதுக்கம்பியின் உள்பக்கம் 52-18-140 போன்ற எண்கள் இருக்கும். அதில் 140 என்பது கம்பியின் நீளம். பலர் அதையே அகலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அகலத்தை ஸ்கேல் வைத்து, ஒரு கீலின் வெளி ஓரத்திலிருந்து மறு கீலின் வெளி ஓரம் வரை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து இடைவெளி. குவெஸ்ட் 2-இல் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் வளையத்தை முகமெத்தைக்கு அடியில் பொருத்த வேண்டும். குவெஸ்ட் 3-இல் தனி வளையம் இல்லை. முகமெத்தையின் உட்புறம் இரு பக்கமும் உள்ள பொத்தான்களை ஒன்றாக அழுத்தி இழுத்தால் நான்கு நிலைகளில் முன்பின் நகரும். முதல் முறை கடைசி நிலையில், அதாவது அதிக இடைவெளியில் வைத்துத் தொடங்குங்கள்.

மாட்டும்போது பின்பட்டையை முழுக்கத் தளர்த்திவிட்டு, கண்ணாடி போட்ட முகத்தின் மேல் ஹெட்செட்டை நேராக முன்னாலிருந்து வையுங்கள். பிறகு பட்டையைத் தலைக்குப் பின்னால் இறக்குங்கள். தொப்பி போடுவதுபோல மேலிருந்து கீழே இழுத்தால் ஃபிரேமின் மேல்விளிம்பு லென்ஸைச் சுரண்டும். கழற்றும்போது முதலில் பட்டை, பிறகு ஹெட்செட்டை நேராக முன்னோக்கி. கண்ணாடி உள்ளே சிக்கி வந்தால் இழுக்காமல் ஒரு விரலால் ஃபிரேமைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாட்டியபின் தலையை வேகமாக இடம், வலம், மேல், கீழ் ஆட்டிப் பாருங்கள். விமானம் ஓட்டும்போது இதைத்தான் நூறு முறை செய்யப்போகிறீர்கள். ‘டக்’ என்று சத்தம் கேட்டாலோ, மூக்கில் கண்ணாடி அழுந்தினாலோ இடைவெளி போதவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பின் ஹெட்செட் லென்ஸின் நடுவில் வட்டமாக எண்ணெய்த் தடம் இருந்தால், அது கண்ணாடி உரசிய இடம். ப்ளஸ் பவர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: உங்கள் லென்ஸின் நடுப்பகுதி முன்னால் புடைத்திருக்கும்.

துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். அதற்குமுன் தூசியை ஊதி அகற்றுங்கள். ஸ்பிரிட், கண்ணாடிக் கடை ஸ்பிரே, புடவைத் தலைப்பு எதுவும் வேண்டாம்.

கேள்வி: ஹெட்செட்டுக்கு உள்ளேயே பொருத்தும் பவர் லென்ஸ் வாங்கலாமா? ஆர்டர் செய்யும்போது என்ன பவர் கொடுப்பது?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பறக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். காரணம் சொகுசு மட்டும் இல்லை. கண் லென்ஸிலிருந்து விலக விலகப் பார்வைப் பரப்பு சுருங்கும். கண்ணாடிக்காக இடைவெளி விட்டால் பக்கவாட்டுக் காட்சிதான் முதலில் போகிறது. தரையிறங்கும் கடைசிச் சில அடிகளில் விமானத்தின் மூக்கைத் தூக்கும்போது, உயரத்தை நாம் மதிப்பிடுவது பெரும்பாலும் அந்தப் பக்கப் பார்வையால்தான். உள்லென்ஸ் போட்டால் முகமெத்தையை மீண்டும் நெருக்கமாக வைக்கலாம். ஆப்பிள் விஷன் புரோ, பிக்ஸ்கிரீன் பியாண்ட் போன்றவற்றில் கண்ணாடிக்கு இடமே கிடையாது. அவற்றுக்கு உள்லென்ஸ் அல்லது கான்டாக்ட் லென்ஸ்தான் வழி.

பவர் விஷயத்தில், நாற்பது வயதுக்குள் இருந்தால் சீட்டில் உள்ள தூரப் பவரை அப்படியே கொடுங்கள். 0.75 கழிக்க வேண்டாம். இளம் கண் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். அதிகப் பவர்க்காரர்கள் “லென்ஸ் கண்ணிலிருந்து தள்ளிப் போகிறதே, கூட்டிக் கொடுக்கலாமா?” என்கிறார்கள். -8.00 லென்ஸ் 5 மி.மீ. முன்னால் போனால் சுமார் 0.30 பவர் குறைந்ததுபோல் ஆகும். விஆருக்கு எப்படியும் 0.75 குறைவாகவே போதும் என்பதால் கூட்டத் தேவையில்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் சிலிண்டரில், அதாவது கோணத்தோடு சேர்த்து எழுதும் பவரில். சில மருத்துவர்கள் அதை மைனஸில் எழுதுவார்கள், சிலர் ப்ளஸில். -2.00 / -1.00 × 180 என்பதும் -3.00 / +1.00 × 90 என்பதும் ஒரே லென்ஸ்தான். குறியை மட்டும் மாற்றித் தட்டிவிட்டால் முற்றிலும் வேறு லென்ஸ் வந்து சேரும். சீட்டில் உள்ளபடியே, குறியோடு சேர்த்து நிரப்புங்கள். ஆட் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

வந்ததும் இடது, வலது குறியைப் பார்த்து மாட்டுங்கள். காந்த வகை லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். சிலிண்டர் லென்ஸ் 10 டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். 30 டிகிரி திரும்பினால் போட்டும் போடாததுபோலத்தான்.

கேள்வி: உள்லென்ஸ் போட்ட பிறகு இருபது நிமிடத்தில் தலைவலி. பவர் சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை, அதாவது பி.டி.யைச் சரிபார்த்தீர்களா? உள்லென்ஸின் மையம் ஹெட்செட் லென்ஸின் மையத்தோடு சேர்ந்தே நகரும். உங்கள் பி.டி. 62-ஆக இருந்து ஹெட்செட் 68-இல் இருந்தால் ஒவ்வொரு கண்ணும் 3 மி.மீ. ஓரமாகப் பார்க்கிறது. பவர் கூடக் கூட அந்த ஓரம் காட்சியை அதிகமாக வளைக்கும், இரண்டு கண்ணும் இழுத்துப் பிடித்துச் சேர்க்கப் பார்க்கும். வலி அங்கிருந்து வருகிறது. சீட்டில் பி.டி. இல்லாவிட்டால் கடையில் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். குவெஸ்ட் 3-இல் அடிப்பக்கச் சக்கரத்தைத் திருப்பினால் எண் திரையில் தெரியும். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 என்ற மூன்று நிலைகள்தான், நெருங்கியதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பவர் சரி, பி.டி. சரி. ஆனாலும் செஸ்னா 172-இன் டிஜிட்டல் பேனலில் சிறிய எண்கள் தெரியவில்லை. கண் கெட்டுவிட்டதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை, கலங்காதீர்கள். நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரிக்குள் 60 திரைப் புள்ளிகள் (பிக்சல்கள்) வேண்டும். குவெஸ்ட் 3 தருவது சுமார் 25, குவெஸ்ட் 2 சுமார் 20. அதாவது 6/6 பார்வை உள்ளவரும் ஹெட்செட்டுக்குள் ஏறக்குறைய 6/14 பார்வையோடுதான் இருக்கிறார். எந்த லென்ஸும் இதை மாற்றாது.

எது கண்ணின் குறை, எது கருவியின் குறை என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. நிலையாக நிறுத்திய விமானத்தில் ஒரு பெரிய எழுத்தைத் திரையின் நடுவில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விளிம்பு படிக்கட்டுபோல உடைந்திருந்தால் கருவியின் புள்ளி போதவில்லை என்று பொருள்; கண் சரியாகவே பார்க்கிறது. விளிம்பு ஒரு திசையில் நிழல்போல இரட்டித்தால் சிலிண்டர். எல்லாத் திசையிலும் பஞ்சுபோல் இருந்தால் பவர். நடுவில் தெளிந்து ஓரத்தில் மட்டும் மங்கினால் ஹெட்செட் மேலேயோ கீழேயோ தள்ளி உட்கார்ந்திருக்கலாம். கன்னத்தில் பிடித்து மெல்ல ஏற்றி இறக்கி, தெளிவான இடத்தில் பட்டையை இறுக்குங்கள்.

எண்கள் ஓடும்போது மட்டும் பின்னால் வால் நீண்டால் அது சிமுலேட்டரின் கிராஃபிக்ஸ் பகுதியில் உள்ள டிஎல்எஸ்எஸ் (குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கும் முறை) அமைப்பின் வேலை. டிஏஏ-வுக்கு (விளிம்பை மழமழப்பாக்கும் இன்னொரு முறை) மாற்றினால் வால் குறையும், கிராஃபிக்ஸ் கார்டின் பாரம் கூடும். அதற்கு ஈடாக மேகத்தின் தரத்தை ஒரு படி குறையுங்கள். காட்சியைப் பெரிதாக்கும் கட்டளை உங்கள் சிமுலேட்டரில் இருந்தால் அதை யோக்கின் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) ஒரு பொத்தானுக்குக் கொடுங்கள். பழைய முள் மீட்டர்கள் உள்ள செஸ்னாவையும் ஓட்டிப் பாருங்கள். முள்ளின் கோணத்தைப் படிக்கக் குறைந்த புள்ளிகளே போதும்.

கேள்வி: பத்து நிமிடத்தில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது.
– வாசகி, சென்னை

பதில்: ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த ஹெட்செட்டை வியர்த்த முகத்தில் வைத்தால் ஆவி படியத்தான் செய்யும். ஐந்து, பத்து நிமிடம் முன்பே ஆன் செய்து வையுங்கள், தானே சூடாகும். முகத்தைக் கழுவியதும் மாட்டாதீர்கள், நன்றாக உலரட்டும். ஒரு சின்ன மேசை விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். மூக்குப் பக்க இடைவெளி வழியே காற்று உள்ளே போகும், தலைசுற்றலும் குறையும். ஆவி தடுக்கும் திரவத்தை உங்கள் கண்ணாடியில் தடவலாம், ஹெட்செட் லென்ஸில் கூடாது.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பறக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பலருக்கு அதுவே மிகச் சிறந்த வழி: இடைவெளிப் பிரச்சினையும் இல்லை, கீறலும் இல்லை. ஆனால் ஹெட்செட்டுக்குள் இமைப்பது குறைந்துவிடுகிறது, கண் உலரும். ஒவ்வொரு தரையிறக்கத்துக்குப் பிறகும் நிறுத்தி இருபது முறை நிதானமாக இமையுங்கள். விசிறிக் காற்று நேராகக் கண்ணில் பட வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, -1.50 பவர். விமானம் என்றால் உயிர். ஹெட்செட் கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: குவெஸ்டுக்கு நிறுவனமே வைத்திருக்கும் வயது வரம்பு 10. அதுவரை சாதாரணத் திரையும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் போதும். சின்ன முகத்தில் பி.டி.யும் பொருந்தாது.

பெரியவனாகி விமானி ஆக ஆசைப்பட்டால் கண்ணாடி அதற்குத் தடையில்லை என்பதை இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள். சர்வதேச விதிப்படி, முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 பார்வை வேண்டும். கண்ணாடி போட்டு அந்த அளவு வந்தாலே போதும். கையில் ஒரு மாற்றுக் கண்ணாடி மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் விஆரில் பறந்த மணி நேரங்கள் லைசென்ஸுக்குச் சேருமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: சேராது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கருவியில் பறந்தால்தான் கணக்கு. விஆரை வைத்தே அப்படி அங்கீகாரம் பெற்ற கருவியும் இருக்கிறது: ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்காக சுவிட்சர்லாந்தில் உருவான கருவிக்கு 2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை சான்று அளித்தது. வீட்டில் நீங்கள் செய்வது செக்லிஸ்ட் வரிசையையும், ரன்வேயைச் சுற்றிவரும் சர்க்யூட்டில் எங்கே எப்போது பார்ப்பது என்பதையும் உடம்புக்குப் பழக்குவது. அதற்கு எல்லா சுவிட்சையும் படிக்கும் தெளிவு வேண்டும், எனவே கண்ணாடி விஷயத்தை முதலில் முடித்துவிடுங்கள்.