கிளேரின் கால்விரலும் நண்டின் கொடுக்கும்

டீச்சர், அபூர்வ சக்தி உள்ள மனிதர்களைப் பற்றிய 'ஹீரோஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நானும் என் காக்காவும் (அண்ணன்) முதலிலிருந்து பார்த்து முடித்தோம். கிளேர் பென்னட்டுக்கு எந்தக் காயம் பட்டாலும் தானாக ஆறிவிடுகிறது. அது எப்படி என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. அவளுடைய செல்கள் படுவேகமாகப் பெருகுகின்றன, அவ்வளவுதான் என்கிறார் காக்கா. உடம்பு தன் வடிவத்தை ஞாபகம் வைத்திருந்து அதற்கே திரும்புகிறது என்கிறேன் நான். யார் கட்சி சரி?
*(கல்லூரி மாணவி, கீழக்கரை)*

உங்கள் கட்சிதான் அம்மா. ஆனால் காக்காவிடமும் பாதி நியாயம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். நம் உடம்பில் சுறுசுறுப்பாகப் பெருகும் செல்கூட ஒன்று இரண்டாவதற்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் பருவத்தில் கிளேர் தன் கால்விரலைத் தானே வெட்டிப் பார்க்கிறாள், அது முளைத்துவிடுகிறது. சரி, அதற்கு வேண்டிய வேகத்தைக் கதைக்காகக் கொடுத்துவிடலாம். வெறும் வேகம் மட்டும் இருந்தால் அங்கே முளைப்பது கட்டியாகத்தான் இருக்கும், விரலாக இருக்காது. எலும்பு எங்கே, நகம் எங்கே, வளர்ச்சியை எங்கே நிறுத்துவது என்று செல்லுக்குச் சொல்ல ஏதோ ஒன்று வேண்டும். அது இல்லாமல் செல்கள் பெருகிக்கொண்டே போனால் புற்றுநோய்தான்.

நம் கரையிலேயே இதைப் பார்க்கலாம். மண்டபத்திலோ பாம்பனிலோ காலையில் வலையிலிருந்து நண்டு எடுக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் முழுக் கொடுக்கும் மறுபக்கம் பாதி அளவுக் கொடுக்குமாக ஒரு நண்டாவது கண்ணில் படும். கையில் எடுத்துப் பார்த்தால் அந்தச் சின்னக் கொடுக்கில் மூட்டு, பல்வரிசை எல்லாமே இருக்கும், அளவுதான் குறைவு. நண்டு கொடுக்கைக் கண்ட இடத்தில் ஒடிப்பதில்லை. அடிப்பக்கத்தில் அதற்கென்றே ஒரு கோடு உண்டு. அங்கே ஒடிந்ததும் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு ரத்தம் போகாமல் அடைத்துக்கொள்ளும். பிறகு அதே இடத்தில் புதுக் கொடுக்கு ஒரு உறைக்குள் மடங்கியபடியே உருவாகும். அடுத்த தடவை நண்டு சட்டை உரிக்கும்போதுதான் அது விரிந்து வெளியே வரும். அப்புறம் இன்னும் சில தடவை உரித்த பிறகே ஜோடிக் கொடுக்கின் அளவை எட்டும். ஆக, வடிவம் முதலிலேயே தீர்மானமாகிவிடுகிறது, அளவு பின்னால் வருகிறது. கிளேருக்கு நடப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லியிடம் அந்த வடிவத்துக்கான வரைபடம் அரைகுறையாகத்தான் இருக்கிறது. வால் திரும்ப முளைக்கிறது, ஆனால் உள்ளே பழைய முள்ளெலும்புக் கோர்வை வருவதில்லை. ஒரு குருத்தெலும்புக் குழாய்தான் வருகிறது. கிளேருக்கு வருவது அசல் விரல். அந்த வகையில் அவள் பல்லியைவிட நண்டுக்கு நெருக்கம்.

இன்னொரு சாட்சியும் உங்கள் பக்கம் இருக்கிறது. முதல் பருவத்தில் பின்மண்டையில் மரக்கிளை குத்தி கிளேர் இறந்துபோகிறாள். பிரேதப் பரிசோதனை மேசையில் அந்தக் குச்சியை உருவியதும் எழுந்துவிடுகிறாள். பின்னால் அதே தொடரில் வரும் பீட்டருக்கும் இதே கதைதான், குச்சிக்குப் பதில் கண்ணாடித் துண்டு. வேகம்தான் எல்லாம் என்றால் குச்சியைச் சுற்றியே சதை வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை. மூளை இருக்க வேண்டிய இடத்தில் குச்சி இருக்கும்வரை பழைய வடிவம் முழுமையாகாது, அதனால் எல்லாம் அப்படியே நின்றுபோகிறது.

இப்போது காக்காவின் பாதிக்கு வருவோம். இரண்டாம் பருவத்தில் அவள் அப்பா நோவா கண்ணில் சுடப்பட்டு இறக்கிறார், கிளேரின் ரத்தத்தை ஏற்றியதும் பிழைக்கிறார். எழுந்தவர் நோவாதான், அவருக்குத் திரும்பி வந்ததும் அவருடைய கண்தான். அப்படியானால் ரத்தம் கொண்டுபோனது கிளேரின் வரைபடத்தை இல்லை, உந்துதலை மட்டும்தான். வரைபடம் அவரவர் உடம்பிலேயே இருக்கிறது, அதை நிறைவேற்றும் வேகம் நமக்கு இல்லை, கிளேருக்கு இருக்கிறது. இந்த ஒரு காட்சியைக் காக்கா சரியாகப் பிடித்திருந்தால் உங்களைத் திணறடித்திருப்பார்.

வெட்டின கை மறுபடி முளைக்கிறதென்றால் அவ்வளவு சதையும் எலும்பும் எங்கிருந்து வருகிறது? இதை எந்தத் தொடரிலும் சொல்வதில்லையே?
*(வாசகர், தங்கச்சிமடம்)*

எனக்கும் இதுதான் பெரிய மனக்குறை. சும்மா எதுவும் வராது. கால்களை இழந்து முளைக்க வைக்கும் நண்டு, அந்த முறை சட்டை உரிக்கும்போது உடம்பளவில் குறைவாகவே வளரும். கடல் அட்டையைத் தொந்தரவு செய்தால் குடலையே வெளியே தள்ளிவிடும். புதுக் குடல் வரும்வரை அதனால் சாப்பிட முடியாது, தன் உடம்பில் இருப்பதைச் செலவழித்துத்தான் அந்தக் குடலைக் கட்டுகிறது. (2001 முதல் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது, அதனால் சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) நியாயமாகப் பார்த்தால், ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும் கிளேர் இளைத்துப்போய்ப் பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடர் எனக்குப் பிடிக்கும். அதன் நாயகன் டாக்டர், சாகும் நிலை வந்தால் புது உடம்புக்கு மாறிவிடும் வேற்றுக்கிரகவாசி. 2005 கிறிஸ்துமஸ் சிறப்புக் கதையில் வாள்சண்டையில் டாக்டரின் கை துண்டாகி, உடனே முளைக்கிறது. அவர் புது உடம்புக்கு மாறி இன்னும் 15 மணி நேரம் ஆகவில்லை, அந்த மாற்றத்தில் மிஞ்சிய சக்தியில்தான் கை வந்தது என்று காரணம் சொல்கிறார்கள். அதற்கப்புறம் வெட்டியிருந்தால் போனது போனதுதான். சக்திக்கு ஒரு வரவுசெலவும் ஒரு கெடுவும் இருப்பதால் அந்தச் சண்டையில் எனக்கு உண்மையாகவே பதற்றம் வந்தது.

மூளையே புதிதாக வளர்ந்தால் பழைய நினைவு இருக்குமா?
*(பிளஸ் டூ மாணவர், தொண்டி)*

தட்டைப்புழுவின் தலையை வெட்டினால் மூளையோடு புதுத் தலை முளைக்கும். சொரசொரப்பான தரை உள்ள தட்டில் பயப்படாமல் போய்ச் சாப்பிட அந்தப் புழுக்களைப் பழக்கி, பிறகு தலையை வெட்டிப் பார்த்தார்கள் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில். 2013இல் வெளியான முடிவு இது: புதுத் தலை வந்த பிறகு ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்தியதும், பழக்காத புழுக்களைவிட அவை சீக்கிரமாகச் சாப்பிடப் போயின. நினைவின் ஏதோ ஒரு பங்கு தலைக்கு வெளியிலும் தங்கியிருக்கிறது. புழுவுக்கு உள்ளது மனிதருக்கும் உண்டு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கிளேருக்கு மூளை போகவில்லை, துளைதான் விழுந்தது. அதனால் அவள் அம்மா அப்பாவை மறக்காமல் எழுந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சின்ன வயதில் என் தம்பிக்குக் கதவிடுக்கில் சிக்கி விரல்நுனி துண்டானது. கொஞ்ச நாளில் நகத்தோடு வளர்ந்துவிட்டது. இதுவும் அந்தச் சக்திதானா? இப்போது அவன் விசைப்படகில் போகிறான்.
*(இல்லத்தரசி, பாம்பன்)*

ஆமாம், உங்கள் தம்பி உடம்பில் நடந்தது அந்த வகைதான். நகத்தின் வேர் தப்பியிருந்தால் குழந்தைகளுக்கு விரல்நுனி திரும்ப வளர்வதுண்டு. கல்லீரல் தானம் கொடுத்தவர்களுக்கும் மிச்சம் இருக்கும் பகுதி சில மாதங்களில் பழைய அளவை நெருங்கிவிடும், வெட்டி எடுத்த பகுதியின் வடிவம் மட்டும் திரும்பாது. ஆனால் மூட்டோடு போன விரல் யாருக்கும் முளைக்காது. அதனால் தம்பியிடம் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். வின்ச்சிலோ (வலை இழுக்கும் இயந்திரம்) கயிற்றிலோ சிக்கி யாருக்காவது விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். துண்டை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். மீன் ஐஸில் விரலை நேரடியாகப் புதைக்கக் கூடாது, பட்ட இடம் உறைந்து கெட்டுவிடும். அப்புறம் வலை கடலில் கிடந்தாலும் கிடக்கட்டும், படகைத் திருப்பி ஆளையும் துண்டையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.