குளிர் நாட்டு வேட்டைக்கு எந்த ரப்பர் பூட்ஸ்? கேட்டவர்களுக்குப் பதில்

பிரெஞ்சு ராணுவத்தில் 15 வருடம் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவன் நான். எங்களை இங்கே சொல்தா என்பார்கள். லொரேன் பக்கம் இருந்த வருடங்களில், கூட இருந்தவர்களோடு குளிர்காலம் தவறாமல் வேட்டைக்குப் போயிருக்கிறேன். வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் பூட்ஸ் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே எழுதிவிடுகிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: டிசம்பரில் பிரான்சுக்குப் போகிறேன். சித்தப்பா சோம் நதி கடலில் சேரும் இடத்துக்கு வாத்து வேட்டை பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். இங்கே கடையில் விற்கும் கம் பூட்ஸ் போதுமா?

போதாது தம்பி. நம் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அது நம் வெயிலில் நன்றாக வளையும், குளிரில் விறைத்துப்போகும். கணுக்கால் மடிகிற இடத்தில் முதலில் கோடு விழும், அப்புறம் அங்கேயே கிழியும். இயற்கை ரப்பர் குளிரிலும் வளைந்துகொடுக்கும். கடையில் இரண்டையும் கையில் வாங்கி அமுக்கிப் பார். ரப்பர் கனமாக, மெத்தென்று இருக்கும். பிவிசி வழுவழுப்பாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

அந்தக் கரையோரத்தில் டிசம்பரில் பல நாள் பூஜ்யத்துக்கு மேலே சில டிகிரிதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதே. அங்கே சேறும் தண்ணீரும்தான் தொல்லை. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதோடு, அந்த ஊரில் சதுப்புக்குள் புதைத்த மாதிரி ஒரு குடிசை கட்டி, அதில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். நடந்தால் கால் தானே சூடாகும், உட்கார்ந்தால் ஆகாது.

அதனால் உள்ளே 4 அல்லது 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் வைத்த, முழங்காலுக்குக் கீழ் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எடு. கடலில் முக்குளிப்பவர்கள் போடும் உடை அந்த நியோப்ரீனில்தான் தைப்பது. அதனுள் இருக்கும் பொடிப்பொடிக் காற்றுக் குமிழிகள்தான் சூட்டைப் பிடித்து வைக்கின்றன. பிரான்சிலேயே வாங்கு, இங்கிருந்து சுமக்காதே. ரப்பர் பூட்ஸ் விஷயத்தில் அந்த நாடு பழம் தின்று கொட்டை போட்டது. சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த ரப்பர் பதப்படுத்தும் முறைக்கான உரிமையை வாங்கி, ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1853இல் அங்கே தொழிற்சாலை போட்டார். ஏகிள் என்ற பூட்ஸ் கம்பெனி அப்படி வந்ததுதான். ல ஷமோ என்ற இன்னொரு கம்பெனி 1927இல் தொடங்கியது. இந்த இரண்டிலும் நியோப்ரீன் வைத்த வகை உண்டு.

அதே தம்பி: தோல் பூட்ஸ் போட்டால் என்ன?

மலையில் நடக்கத் தோல் நல்லது. சதுப்பில் ஊறிவிடும். இன்னொன்று, தோலிலும் துணியிலும் மனித வாடை ஊறி நிற்கும். மான், காட்டுப்பன்றி போகும் தடத்தில் வேட்டைக்காரர்கள் ரப்பர் போடுவதற்கு அதுதான் காரணம். வாத்துக்கு மோப்பம் பெரிதில்லை, உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒரு பெண்: படிக்க கனடாவில் இருக்கும் வின்னிபெக் போகிறேன். தோழி வீட்டார் நவம்பரில் மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள், சும்மா கூடப் போகத்தான். இணையத்தில் பார்த்தால் 400 கிராம், 800 கிராம், 1200 கிராம் என்று போட்டிருக்கிறது. பூட்ஸின் எடையா அது?

இல்லைம்மா. உள்ளே வைத்திருக்கும் குளிர்காப்புப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு அது. தின்சுலேட் என்ற பெயரில் பெரும்பாலும் பார்ப்பாய். எண் ஏற ஏறச் சூடு கூடும். ஆனால் பெரிய எண்ணாக வாங்கினால் நல்லது என்று நினைத்துவிடாதே. 1200 கிராம் போட்டுக்கொண்டு ஒரு மைல் பனியில் நடந்தால் கால் வியர்க்கும். வியர்வையோடு போய் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தால், அந்த ஈரமே உன் காலை உறைய வைக்கும்.

நாள் முழுக்க நடப்பார்களா, பரண் மாதிரி ஒன்றில் ஏறி உட்காருவார்களா என்று தோழியிடம் கேள். நடப்பதென்றால் 200 முதல் 400 போதும். உட்காருவதென்றால் 800க்கு மேல். வின்னிபெக் பக்கம் நவம்பர் விடியற்காலை மைனஸ் 10க்குக் கீழே போவது சாதாரணம். உனக்கு நான் சொல்வது, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய ஃபெல்ட் உறை வைத்த பூட்ஸ். ஃபெல்ட் என்பது அழுத்திச் செய்த கம்பளி. ராத்திரி அதை மட்டும் உருவி உலர்த்தலாம், காலையில் காய்ந்த உறையில் கால் விடலாம். வேட்டை முடிந்த பிறகு அந்த ஊர்க் குளிர்காலம் முழுக்கக் கல்லூரிக்கும் போட்டுக்கொண்டு போகலாம்.

இந்த வகையில் பல, கீழே ரப்பரும் மேலே தோலுமாக வரும். இரண்டும் சேரும் தையலை விரல் விட்டுத் தடவிப் பார். 1912இல் எல்.எல்.பீன் என்ற அமெரிக்கர் இப்படிச் செய்து முதலில் விற்ற 100 ஜோடியில் 90 ஜோடி திரும்பி வந்தது இந்த இணைப்பு பிய்ந்துபோனதால்தான். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறையைச் சரிசெய்து மறுபடி விற்றார். இன்றும் பழுது முதலில் வருவது அந்த இடத்தில்தான்.

முத்தியால்பேட்டையிலிருந்து: இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் போட்டால் போதும் என்கிறார்கள். சரியா?

தப்பு. பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று, தடியாக. மெரினோ கம்பளி என்றால் அரிக்காது. கூட ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி முதுகுப்பையில் வை, மத்தியானம் மாற்று. அந்த ஒரு மாற்றல் செய்யும் வேலையை விலை உயர்ந்த பூட்ஸ்கூடச் செய்யாது.

நெல்லித்தோப்பிலிருந்து: என் அளவு 8. அதையே ஆர்டர் செய்யலாமா?

நம் 8 ஐரோப்பாவில் 42. ஆனால் அளவு எண்ணை நம்பாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வருடம் கச்சிதமாகப் பிடிக்கிறதே என்று ஒரு ஜோடி வாங்கினேன். தடி சாக்ஸோடு உள்ளே விட்டால் விரல் ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றது. பழகிவிடும் என்று போட்டுக்கொண்டு ஜனவரியில் ஒரு குளத்தோரம் நின்றேன். ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வீட்டில் கழற்றிப் பார்த்தால் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. சூடு ஏறும்போது ஊசி குத்துகிற வலி. பக்கத்தில் நின்ற பெரியவர் போட்டிருந்தது என்னுடையதைவிட மெல்லிய பூட்ஸ், ஆனால் ஒரு அளவு பெரியது. அவர் கால் கதகதவென்று இருந்தது.

இறுக்கினால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத காலை எந்தப் பஞ்சும் சூடாக்காது. சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே நிற்கும் காற்று, அந்தக் காற்றுக்கும் இடம் வேண்டும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தடி சாக்ஸ் போட்டுக்கொண்டு ஒரு தாளில் பாதத்தை வரைந்து அளவெடுங்கள். சின்ன வயதிலிருந்து செருப்போடு திரிந்த நம் பாதம் முன்பக்கம் அகலமாக இருக்கும், ஐரோப்பிய அச்சு பெரும்பாலும் ஒடுக்கமாக வரும். போட்டுப் பார்க்கும்போது ஐந்து விரலும் தாராளமாக மடங்கி நிமிர வேண்டும், ஆனால் நடக்கும்போது குதிகால் மேலே ஏறி வரக்கூடாது. குதிகால் ஏறினால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வந்துவிடும். கெண்டைக்காலின் சுற்றளவையும் எடுங்கள். பேண்ட்டை உள்ளே சொருகினால் எவ்வளவு ஆகும் என்று பார்த்து வாங்குங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு அண்ணன்: நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. இறால் பதப்படுத்தும் இடத்தில் குளிர்கிடங்கு வேலை, மைனஸ் 18. கம்பெனி கொடுத்தது சாதாரண வெள்ளை பிவிசி. கால் மரத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

அண்ணே, இங்கே வந்த கேள்விகளில் உங்களுடையதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். வேட்டைக்காரன் வருடத்தில் பத்து நாள் போவான், உங்களுக்கு அது தினசரிப் பாடு.

பூட்ஸில் சிஐ (CI) என்ற குறி இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். குளிர்காப்புக்கான பன்னாட்டுச் சோதனையில் தேறியது என்று அர்த்தம். மைனஸ் 17இல் அரை மணி நேரம் வைத்தால் உள்ளே பாதம் படும் இடத்தில் சூடு 10 டிகிரிக்கு மேல் குறையக்கூடாது, அதுதான் சோதனை. பாலியூரித்தேன் பூட்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் உடம்பு முழுக்கக் காற்றுக் குமிழி இருப்பதால் எடை குறைவு, குளிரில் விறைக்காது, மீன் கொழுப்பும் அவ்வளவாக அரிக்காது. விரல் பாதுகாப்புக்கு முனையில் இரும்பு வைத்தது வேண்டாம், அது குளிரைக் கடத்தும். உலோகமில்லாத கூட்டுப்பொருளில் (காம்போசிட்) செய்த முனை வைத்தது கேளுங்கள்.

அதுவரை செய்ய முடிந்தது: குளிர் அதிகம் ஏறுவது அடியிலிருந்துதான். உள்ளே ஒரு ஃபெல்ட் அட்டை போடுங்கள், ஆனால் இடம் இருந்தால் மட்டும். இறுகினால் எடுத்துவிடுங்கள். அடுக்கும் வேலையில் ஒரே இடத்தில் நிற்கும்போது வெறும் தரையில் நிற்காமல் மரப்பலகை மேல் நில்லுங்கள். கழுவும் பகுதியில் நனைந்த சாக்ஸோடு மட்டும் உள்ளே போகாதீர்கள்.

மரத்துப்போவதை அலட்சியம் செய்யவே கூடாது. பீச் ரோட்டில் காந்தி சிலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்று ஆயிரக்கணக்கானவர்கள் கால் அழுகியது. அதற்கு உறைபனிகூடத் தேவையில்லை, ஈரமும் குளிரும் இறுக்கமும் சேர்ந்தால் போதும். தோல் வெளுத்து, தொட்டால் உணர்வு திரும்பவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நேராக வெந்நீரில் காலை வைக்காதீர்கள், உணர்வில்லாத கால் வெந்துபோவது தெரியாது.

பெயர், ஊர் போடாத ஒருவர்: ஊசுட்டேரிப் பக்கம் வாத்து நிறைய வருகிறது. இந்த பூட்ஸ் வாங்கினால் இங்கேயும்...

கூடாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டை குற்றம். ஊசுட்டேரி இப்போது பறவைகள் சரணாலயம். அந்த வாத்துகள் இமயத்தைத் தாண்டியும் வருகிறவை. பூட்ஸ் போட்டுக்கொண்டு கரையில் நின்று பாருங்கள், நானும் வருகிறேன்.

பாகூரிலிருந்து ஒரு விவசாயி: மார்கழி விடியலில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது கால் சில்லிடுகிறது, பாம்பு பயமும் இருக்கிறது. சூடான பூட்ஸ் வாங்கலாமா?

வேண்டாம் ஐயா. நம் மார்கழிக்குப் பஞ்சு வைத்த பூட்ஸ் போட்டால் எட்டு மணிக்குள் கால் புழுங்கிவிடும். பஞ்சில்லாத, முழங்கால் வரை வரும் நல்ல ரப்பர் பூட்ஸே போதும், உள்ளே ஒரு சாக்ஸ். பாம்பு பெரும்பாலும் கொத்துவது கணுக்கால், பாதத்தில் என்பதால் தடிமனான ரப்பர் ஓரளவு காக்கும். முழுக் காப்பு என்று நம்பிவிடாதீர்கள், டார்ச் கட்டாயம். ராத்திரி வெளியே வைத்த பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் கால் விட வேண்டும். கட்டுவிரியனும் தேளும் அதற்குள் படுத்துக்கொள்ளும்.

உப்பளத்திலிருந்து: பிரான்சிலிருந்து கொண்டுவந்த ரப்பர் பூட்ஸ் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சணமா?

பூஞ்சணம் இல்லை. ரப்பருக்குள் கலந்த மெழுகும் மற்ற பொருள்களும் மெல்ல மேலே வந்து படிவது. இயற்கை ரப்பர் என்பதற்கு அது ஒரு அடையாளம். ஈரத்துணியில் துடைத்து, சிலிக்கோன் எண்ணெய் கொஞ்சம் தடவினால் போய்விடும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் தடவாதீர்கள், ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும்.

நம் ஊரில் ரப்பரைக் கொல்வது வெயில்தான். மொட்டை மாடியில் காய வைக்காதீர்கள். உள்ளே நனைந்திருந்தால் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மடிக்காமல் நிமிர்த்தி, இருட்டான அலமாரியில் வைத்தால் பல வருடம் வரும்.