சொந்தமாக எழுதிய புரோட்டோகாலுக்கும் பேட்டன்ட் வம்பு வருமா?

ராணிப்பேட்டை தம்பி: தோல் தொழிற்சாலை கழிவுநீர் சென்சார்கள் பேசிக்கொள்ள நாங்களே ஒரு புரோட்டோகால் எழுதினோம். யாரையும் பார்த்து எழுதவில்லை, அப்படியும் கேஸ் போடுவார்களா அண்ணா?

போடலாம். பார்த்து எழுதினாயா என்று கேட்பது காப்பிரைட். பேட்டன்டில் நீயாகவே யோசித்திருந்தாலும் தப்பிக்க முடியாது. ஒரு ரவுட்டர் விழுந்தால் இன்னொன்று அதன் முகவரியை எடுத்துக்கொள்ளும் விஆர்ஆர்பி இருக்கிறதே, அது எல்லோருக்குமான ஸ்டாண்டர்ட் என்றுதான் நினைத்தார்கள். அதே வேலை செய்யும் தன் எச்எஸ்ஆர்பி புரோட்டோகாலின் பேட்டன்ட் அதற்கும் பொருந்தும் என்று நெட்வொர்க் கருவி செய்யும் சிஸ்கோ சொன்னது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதும் ஆட்கள் சண்டைக்கு நிற்காமல் வேறு வடிவத்தில் கார்ப் என்று ஒன்றை எழுதி 2004ல் வெளியிட்டுவிட்டார்கள்.

வேலூர் மாணவி: இந்தியாவில் சாஃப்ட்வேருக்கு பேட்டன்டே கிடையாதே சார்?

பாதி சரி. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 3(கே) கம்ப்யூட்டர் புரோகிராம் ‘பெர் சே’, அதாவது வெறும் புரோகிராமாக மட்டும் இருந்தால், கூடாது என்கிறது, அந்த ‘பெர் சே’யில்தான் மொத்தச் சண்டையும். தொழில்நுட்ப விளைவு இருக்கிறது என்று காட்டி வாங்கியவர்கள் உண்டு. அப்புறம், பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனி. ஆம்பூர் ஷூ போகிற ஊரின் சட்டத்தைப் பார்ப்பது போல, உங்கள் பெட்டி அமெரிக்கா போனால் அந்த ஊர் பேட்டன்டைப் பாருங்கள்.

குடியாத்தம் நண்பர்: பேட்டன்ட்களைத் தேடினால் தலைப்பு எல்லாமே நம்முடையது மாதிரியே இருக்கிறது, பயமாக இருக்கிறது.

தலைப்பை விடுங்கள், சுருக்கத்தையும் விடுங்கள். கடைசியில் இருக்கும் க்ளெய்ம் 1ஐ, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் முதல் வாக்கியத்தை, பேனாவால் துண்டு துண்டாக வெட்டுங்கள். உதாரணத்துக்கு: சென்சார் தூங்கும், கேட்வே (சென்சார்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) நேர அட்டவணை அனுப்பும், பேட்டரி குறைந்தால் அட்டவணை மாறும். மூன்றும் உங்களிடம் இருந்தால்தான் நேரடியாக மாட்டுவீர்கள். மூன்றாவதை வேறு பெயரில் ஒளித்து வைத்திருந்தால் வக்கீல் விடமாட்டார், அது வேறு கதை. தேதியையும் பாருங்கள், மனு போட்ட நாளிலிருந்து 20 வருஷம்தான். தகவலைப் பூட்டி அனுப்பும் ஆர்எஸ்ஏ முறையின் பேட்டன்ட் 2000லேயே செத்துப்போனது.

காட்பாடி அக்கா: யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிற எம்ஐடி லைசென்ஸில் வரும் லைப்ரரியை, அதாவது தயார் கோடை, எடுத்தால் பேட்டன்ட் வம்பு வராதா?

அதில் பேட்டன்ட் பற்றி ஒரு வார்த்தைகூட வெளிப்படையாக இல்லை அக்கா. அதே மாதிரி இன்னொரு லைசென்ஸான அப்பாச்சி 2.0ல் கோடு பங்களித்தவர்கள் பேட்டன்ட் உரிமையும் தருகிறார்கள், ஆனால் அவர்கள் தருவது அவர்களுடையதை மட்டும், வெளியாளுடையதை இல்லை.

ராணிப்பேட்டை தம்பி, திரும்பவும்: எங்களுடையதை யாராவது பேட்டன்ட் எடுத்துவிட்டால்?

முழு விவரத்தையும் தேதியோடு பொதுவில் போட்டுவிடு. அதற்குப் பின்னால் மனு போடுகிறவனுக்கு அதுவே முட்டுக்கட்டை. ஆனால் நீயே எடுக்க ஆசை இருந்தால் முதலில் சென்னை கிண்டி பேட்டன்ட் அலுவலகத்தில் மனு, அப்புறம்தான் பொதுவில் போடுவது. மாற்றிச் செய்தால் இந்தியாவில் உனக்கும் அநேகமாகக் கிடைக்காது.